நாளைய மழை பெய்த படகு

ஆரோக்கியத்துறையில் செலஸ்டீனா தன் வள்ளத்தை விற்றுவிட்டு ஆழ்கடலுக்குப் போகும் பெரிய படகு வாங்கப்போகிறாள் என்ற பேச்சு கிளம்பிய பங்குனி மாதத்தில், துறைமுகத்தில் விலைக்கு நின்ற படகுகள் இரண்டு. ஒன்று இரும்பு, இன்னொன்று மரம். இரும்புப் படகின் கேபினுக்குள் எதுவும் பெய்யவில்லை. மரப்படகின் கேபினுக்குள் மறுநாள் பெய்யவேண்டிய மழை முந்தின நாளே பெய்துகொண்டிருந்தது.

செலஸ்டீனாவுக்கு அப்போது நாற்பத்து நான்கு வயது. அவள் புருஷன் கொர்னேலி நான்கு வருடங்களுக்கு முன் ஒரு காற்றில் போய்விட்டான். வள்ளத்தில் அன்று அவனும் அவன் தம்பி ததேயுவும் மட்டும்தான் இருந்தார்கள். கவிழ்ந்த வள்ளத்தைக் கட்டிப்பிடித்துக் கிடந்த ததேயுவை மறுநாள் காலையில் வேறு படகுக்காரர்கள் தூக்கிக்கொண்டு வந்தார்கள், கொர்னேலி வரவில்லை. காற்று திடீரென்று வந்தது, ஒன்றும் தெரியவில்லை, கண் மூடித் திறப்பதற்குள் முடிந்துவிட்டது என்று ததேயு சொன்னான், அதை அவள் நம்பினாள், அந்த நம்பிக்கையில் ஒரு ஆறுதலும் இருந்தது. துக்கம் கேட்க வந்தவர்கள் எல்லாம் போனபிறகு அவள் எஞ்சினைப் பழுது பார்க்கக் கொடுத்தாள், கிழிந்த வலையை ஆள்வைத்துப் பொத்தினாள், ததேயுவையே தலைமையாக வைத்து ஆறுபேரைச் சேர்த்து வள்ளத்தை மறுபடியும் கடலில் இறக்கினாள். மீனைத் தானே ஏலத்தில் நின்று விற்றாள். வள்ளம் போன ஒவ்வொரு நாளும் அது திரும்பி வரும்வரை அவளுக்குச் சோறு இறங்காது. கரைக்கடலில் மீன் குறைந்துகொண்டே வந்தது. முந்நூறு மைலுக்கு அப்பால் சூரையும் கேரையும் கூட்டம்கூட்டமாகப் போகிறது, நாம் இங்கே நெத்திலிக்கு அடித்துக்கொள்கிறோம் என்று ததேயு இரண்டு வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்தான். வள்ளத்துத் தொழிலாளிகளில் மூன்றுபேர் தாங்களும் பங்கு சேர்வதாகச் சொன்னபிறகு அவள் சரி என்றாள்.

இரும்புப் படகு எழுபத்திரண்டு அடி. கட்டி மூன்று வருடம்தான் ஆகியிருந்தது. சொந்தக்காரர் குடும்பத்தோடு வெளிநாட்டுக்குப் போவதால் விற்றார். எஞ்சினை ஓடவிட்டு மேல்தளத்தில் தண்ணீர் நிறைந்த டம்ளரை வைத்தால் ஒரு சொட்டு சிந்தாது. ஒரு மாதத்துக்கான ஐஸ் அதன் வயிற்றில் கரையாமல் கிடக்கும், பதினைந்துபேர் கால்நீட்டிப் படுக்கலாம், கடலுக்கடியில் மீன் நிற்கும் இடத்தைக் காட்டும் பெட்டி இருந்தது, மணிக்குப் பத்து மைல் சிரமமில்லாமல் ஓடும்.

மரப்படகு ஐம்பத்தெட்டு அடி. அயினிப் பலகையில் செய்து வெளியே பைபர் பூசியது. எஞ்சினை இரண்டுமுறை பிரித்துப் பூட்டியிருந்தார்கள். மணிக்கு ஆறு மைல், காற்று எதிரில் இருந்தால் நாலு. சொந்தக்காரர் வறீது கொச்சிப் பக்கத்துக்காரர், எழுபது வயது, முழங்கால் வலியால் தொழிலை விடுகிறவர்.

ததேயு கையில் சின்னச் சுத்தியலோடு மரப்படகின் முன்பக்கத்திலிருந்து பின்பக்கம்வரை ஒவ்வொரு பலகையாகத் தட்டிக் காதுகொடுத்துக் கேட்டுக்கொண்டே போனான். படகைத் தள்ளும் பங்கா சுற்றும் தண்டுக்குப் பக்கத்தில் ஒரு பலகை மட்டும் மெத்தென்று சத்தம் கொடுத்தது. மற்றதெல்லாம் நல்ல மரம். பிறகு கேபினுக்குள் போனான். உச்சிவெயில் கொளுத்திக்கொண்டிருந்த நேரத்தில் தலையிலிருந்து கால்வரை நனைந்து வெளியே வந்து, கூரை ஒழுகுகிறது என்றான். கூரையில் குற்றமில்லை, அது நாளைக்கு உள்ள மழை என்று வறீது சொன்னார். டீசல் டேங்க் எங்கே இருக்கிறது, பம்பு எப்படிப் போடவேண்டும் என்று சொல்வதுபோலவே அதையும் சொன்னார்: நாளைக்கு இதே நேரத்தில் படகு எந்த இடத்தில் நிற்குமோ அந்த இடத்து வானம் இன்றைக்குக் கேபினுக்குள் இருக்கும்; துறையில் கட்டிப்போட்டிருந்தால் துறையின் நாளை, கடலில் ஓடிக்கொண்டிருந்தால் போகும் திசையின் நாளை; தரையில் தண்ணீர் போக ஒரு துளை இருக்கிறது, அதைக் குப்பை அடைக்காமல் பார்த்துக்கொண்டால் போதும், வேறு தொந்தரவு கிடையாது.

மறுநாள் பன்னிரண்டேகால் மணிக்கு ஆரோக்கியத்துறையில் வடமேற்கிலிருந்து சாய்வாகக் கால்மணி நேரம் கோடைமழை பெய்தது. செலஸ்டீனா தன் வீட்டு வாசலில் நின்று அதைப் பார்த்தாள். முந்தின நாள் ததேயுவின் சட்டையில் வலது தோள் மட்டும் அதிகமாக நனைந்திருந்தது அவளுக்கு ஞாபகம் வந்தது.

வறீது முழங்கால் வைத்தியத்துக்கு மகள் வீட்டுக்குப் போகவேண்டியிருந்தது. யோசிக்க ஒரு மாதம் எடுத்துக்கொள்ளுங்கள், அதுவரை படகு இங்கேயே கிடக்கட்டும், இரண்டையும் கடலுக்குக் கொண்டுபோய் ஓட்டிப் பார்த்தும் முடிவு செய்யலாம் என்று சாவியைக் கொடுத்துவிட்டுப் பஸ் ஏறினார். அப்படியாக அந்த மரப்படகு துறைமுகத்தின் படித்துறையில் ஒரு மாதம் கட்டிக்கிடந்தது.

முதலில் வந்தவர்கள் கருவாட்டுப் பெண்கள். மொனிக்காள் என்பவள் அவர்களுக்கு முன்னால் நிற்பவள். காலையில் நெத்திலியை மணலில் பரப்புவதற்கு முன் அவள் மட்டும் பலகையேறிப் போய்க் கேபின் கதவைத் திறந்து உள்ளே கையை நீட்டுவாள், கை நனையாவிட்டால் கரையிலிருக்கும் பெண்களைப் பார்த்துத் தலையாட்டுவாள், இரண்டு நாள் காயவேண்டிய மீன் உடனே மணலுக்கு வந்துவிடும். அவர்களுக்குப் பின்னால் வீட்டுக்கு மேல்தளம் கான்கிரீட் போடுகிற கொத்தனார் வந்தார், கல்யாணப் பந்தல் போடுகிறவர் வந்தார், மகளைப் பெண்பார்க்க ஆள் வருகிறது என்று ஒரு தகப்பன் வந்தார், ஓலைக்கூரை மாற்றவேண்டிய இரண்டு வீட்டுக்காரர்கள் யார் முதலில் ஓலையைப் பிரிப்பது என்று தீர்மானிக்க ஒன்றாகவே வந்தார்கள். கூட்டம் அதிகமானபோது ஊர்க் கமிட்டித் தலைவர் ஹில்லாரி ஒரு பலகையில் நேரம் எழுதி மாட்டினார்: ஏழு மணிவரை பெண்கள், பத்து மணிவரை வள்ளத்துக்காரர்கள், அதன்பிறகு கட்டட வேலைக்காரர்களும் மற்றவர்களும்.

பங்குத்தந்தை ஒரு ஞாயிற்றுக்கிழமைப் பிரசங்கத்தில், நாளை என்பது கடவுளின் கையில் இருக்கிறது, அதை எட்டிப்பார்க்க வேண்டியதில்லை என்று சொன்னார். திருவிழாவின் தேர்ப்பவனிக்கு முந்தின நாள் காலைப் பூசை முடிந்ததும் அவரே அங்கியைச் சற்றுத் தூக்கிப் பிடித்துக்கொண்டு பலகையேறிப் போனார், உள்ளே பார்த்தார், தேருக்கு மேல் பிளாஸ்டிக் விரிப்பு கட்டச்சொல்லிவிட்டுப் போனார். அடுத்த ஞாயிறு அவர் படகைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. நகரத்திலிருந்து ஒரு கல்லூரிப் பேராசிரியர் வெப்பமானியும் மழைமானியும் கொண்டுவந்து இரண்டு நாள் கேபினுக்குள் உட்கார்ந்து குறித்துக்கொண்டார். மூன்றாம் நாள் டீக்கடையில், என் கருவிகளில் தப்பில்லை, என்னிடமிருக்கும் காலண்டர்தான் சரியில்லைபோலிருக்கிறது என்று சொல்லிவிட்டுக் காசு கொடுத்துக் கிளம்பினார்.

அந்த ஒரு மாதத்தில் ஊரின் பேச்சே மாறிவிட்டது. மழை வரும்போலிருக்கிறதே என்று யாரும் யாரிடமும் சொல்வதில்லை. இருபது வருடமாகத் தினமும் அந்த ஒரு வாக்கியத்தால் மட்டுமே பேசிக்கொண்டிருந்த இரண்டு கிழவர்கள் வேறு பேச்சு கிடைக்காமல், டீக்கடை பெஞ்சில் ஒருவரையொருவர் பார்த்துச் சங்கடமாகச் சிரித்துவிட்டு எழுந்துபோனார்கள். நாளைக்குக் காயும் என்று தெரிந்த சந்தோஷத்தில் இன்றைய மழையில் துணியை விட்டுவிட்டு வந்தவர்களும் உண்டு. மகன் ஆழ்கடலுக்குப் போய் இருபது நாளான ஒரு தாய் தினமும் வந்து கேபின் தரையில் உட்கார்ந்து போனாள். அவள் மகன் இருக்கும் இடத்து வானம் அதில் வராது, இது துறைமுகத்தின் வானம்தான் என்று மொனிக்காள் அவளிடம் சொன்னாள். தெரியும் என்று அவள் சொன்னாள். ஆனாலும் வந்தாள்.

மாதம் முடியப்போகும்போது ஊர் செலஸ்டீனாவின் பக்கம் திரும்பியது. அவள் மரப்படகை வாங்காவிட்டால் படகு ஊரைவிட்டுப் போய்விடும், வாங்கினால் அதை ஆழ்கடலுக்குக் கொண்டுபோய்விடுவாள், இரண்டிலும் கருவாட்டுப் பெண்களுக்கு நஷ்டம். ஹில்லாரி கமிட்டிக்காரர்கள் நாலுபேரோடு அவள் வீட்டுக்கு வந்து, படகை வாங்கிப் படித்துறையிலேயே கட்டிப்போடலாமே, தொழிலுக்கு வள்ளம்தான் இருக்கிறதே என்று பக்குவமாகக் கேட்டார். அவள் எல்லாருக்கும் டீ கொடுத்து அனுப்பினாள்.

ஆனால் அவள் மனம் மரப்படகில்தான் இருந்தது. ததேயுவின் மனம் இரும்பில் இருந்தது. இரண்டுபேரும் அதைப் பற்றிப் பல நாள் பேசினார்கள். மரப்படகில் ஐஸ் பதினைந்து நாள்தான் தாங்கும், போய்வரவே ஆறேழு நாள் ஆகும், மீதி நாளில் என்ன பிடிப்பது என்று அவன் கணக்குச் சொல்வான். அவள் மறுத்துப் பேசாமல் கேட்டுக்கொண்டிருப்பாள். ஒருநாள் மட்டும், வலை காயப்போட்டிருந்த இடத்தில் நின்று, அவள் சொன்னாள்:

"ததேயு, ஒனக்க அண்ணனுக்கு ஒருநாள் முன்ன தெரிஞ்சிருந்தா அவரு அன்னைக்குப் போயிருக்கமாட்டாரு. இந்தப் படகு ஒருநாள் முன்ன சொல்லுது. எனக்கு அது போதும்."

ததேயு வலையைப் பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு, சரி மயினி, இரண்டையும் ஓட்டிப் பார்ப்போம் என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனான்.

சித்திரையில் முதலில் இரும்புப் படகைக் கொண்டுபோனார்கள். மூன்று நாள் போய்வந்தார்கள். அதில் சொல்ல ஒன்றுமில்லை. நன்றாக ஓடியது, போகும் வழியில் போட்ட தூண்டிலில் நல்ல கேரை மாட்டியது, சொன்ன நேரத்துக்குத் திரும்பியது. இரண்டாவதாக மரப்படகு புறப்பட்டபோது செலஸ்டீனாவும் ஏறிக்கொண்டாள். அந்தக் கரையில் பெண்கள் கடலுக்குப் போகும் வழக்கமில்லை. ஆனால் படகு வாங்குகிறவள் அவள், பார்த்து வாங்கட்டும் என்று ஆண்கள் நகர்ந்து இடம்விட்டார்கள், பெண்கள் அவளுக்கு அவல் நனைத்துக் கட்டிக்கொடுத்தார்கள். தொழிலாளிகள் ஐந்துபேர், ததேயு ஸ்ராங்காக வீலைப் பிடித்தான்.

முதல் நாள் கேபினுக்குள் இளங்காற்று வீசியது. இரண்டாம் நாள் காலையிலும் அப்படியே. மதியம் இரண்டு மணிக்கு, கரையிலிருந்து நூற்றெண்பது மைலில், கடல் எண்ணெய் ஊற்றிவைத்ததுபோல் அசையாமல் கிடந்தபோது, கேபினுக்குள் வெளிச்சம் குறைந்தது. மூலையில் தொங்கிய ததேயுவின் துண்டு சுவரோடு ஒட்டிக்கொண்டது. முதலில் பெரிய துளிகள் நாலைந்து விழுந்தன. பிறகு காற்று வந்தது. வீல் பிடித்திருந்த ததேயுவின் சட்டை முதுகில் பலூன்போல் உப்பியது, வரைபடம் கிழிந்து ஜன்னல் வழியே வெளியே பறந்து வெயிலில் போய் விழுந்தது, மழை மேலிருந்து பெய்யாமல் பக்கவாட்டில் ஊசியாக வந்து முகத்தில் குத்தியது. கதவுக்கு வெளியே தொழிலாளிகள் நிழலில் உட்கார்ந்து வலைக்கு ஈயம் கோத்துக்கொண்டிருந்தார்கள். அவர்களுடைய பீடிப்புகை நேராக மேலே போய்க்கொண்டிருந்தது.

ததேயு வீலைத் திருப்பப்போனான். செலஸ்டீனா உள்ளே வந்து அவன் கைமேல் கையை வைத்தாள். இரு, கொஞ்சநேரம் திருப்பாதே என்றாள். அவள் சுவர்க்கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். காற்று அவள் கூந்தலை அவிழ்த்தது, சேலை முந்தானையை இழுத்தது, வாயில் உப்பு அடித்தது. நான்கு வருடமாக அவள் மனத்தில் நினைத்துப்பார்த்த காற்று இதைவிடச் சின்னது. சத்தமும் இவ்வளவு பெரிதாக இருக்கவில்லை. இது ஒரு மாடி உயரமுள்ள மிருகம் மூச்சுவிடுவதுபோல் இருந்தது. இதற்குள்தான் கொர்னேலி இருந்தான் என்று அவள் நினைத்தாள். அவள் அழுதாளா என்று ததேயுவுக்குத் தெரியவில்லை, எல்லாமே நனைந்திருந்தது. ஒரு பத்து நிமிஷத்துக்குப் பிறகு அவள், இப்போது திருப்பு என்றாள்.

அவன் வீலைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பினான். கரை இருக்கும் கிழக்கே திருப்பியபோது மழை குறைந்தது, நிற்கவில்லை. இந்தப் படகின் வேகத்துக்கு நாளைக்கு இதே நேரம் கரை சேரமுடியாது, காற்று முந்திக்கொள்ளும் என்று அதற்கு அர்த்தம். மேலும் தெற்கே திருப்பினான். தூறலானது. இன்னும் தெற்கே. கடைசித் துளி அவன் புறங்கையில் விழுந்தது, கேபினுக்குள் வெயிலில்லாத ஒரு சாதாரண மப்பு நின்றது. உலர்ந்த திசையில் வீடு இல்லை. இருந்தாலும் அந்தத் திசையிலேயே படகை விட்டார்கள்.

ததேயு வயர்லெஸ்ஸை எடுத்து அந்தக் கடலில் இருந்த எல்லாப் படகுகளுக்கும் சொன்னான். எப்படித் தெரியும் என்று யாரோ கேட்டார்கள். எங்கள் கேபின் நனைந்துவிட்டது என்றான். அது போதுமானதாக இருந்தது, ஆரோக்கியத்துறையின் மரப்படகைப் பற்றி அதற்குள் கரையெங்கும் தெரியும். படகுகள் வலையைச் சுருட்டத் தொடங்கின. நாலு மணிநேரம் கழித்துக் கரையிலிருந்தும் அதே எச்சரிக்கை வயர்லெஸ்ஸில் வந்தது.

வீலை வேறொருவனிடம் கொடுத்துவிட்டு ததேயு முன்தளத்தில் வெயிலில் வந்து உட்கார்ந்தான். சட்டையைக் கழற்றிப் பிழிந்தான். செலஸ்டீனா கூந்தலை உலர்த்திக்கொண்டு எதிரில் உட்கார்ந்திருந்தாள். அன்றைக்கும் இப்படித்தான் இருந்ததா என்று கேட்டாள். இப்படித்தான் என்றான். கொஞ்சநேரம் கழித்து அவளைப் பார்க்காமலே சொன்னான்:

"மயினி, அண்ணனுக்குத் தெரியும். முந்தின நாளே தெரியும். சாயங்காலம் மேகத்தைப் பாத்துட்டு, நாளைக்குப் பத்து மணிக்குக் காத்து வரும், போகவேண்டாம்னு சொன்னான். வலை கடலுல கிடந்துது. எனக்க புது வலை. ஒம்பது மணிக்குள்ள எடுத்துட்டு வந்துரலாம்னு நான்தான் சொன்னேன்."

அவன் மேலும் சொன்னான். வலையை எட்டரைக்கே எடுத்துவிட்டார்கள். கரைக்குத் திரும்பினார்கள். காற்று முன்கூட்டியே எழுந்துவிட்டது. அந்த எதிர்க்காற்றில் எஞ்சின் இழுக்கவில்லை. நாலு மணிநேரம் ஓடினார்கள், கடைசியில் கரையின் தென்னைகள்கூடத் தெரிந்தன, அங்கே வைத்துத்தான் கவிழ்ந்தது. கண் மூடித் திறப்பதற்குள் முடிந்தது என்று அவன் சொன்னது பொய். அந்த நாலு மணிநேரத்தையும் அவளுக்குத் தெரியாமல் வைத்திருக்கவேண்டும் என்றுதான் சொன்னான், தன் வலையையும் சேர்த்துத்தான் மறைத்தான்.

வெயிலில் பறவை ஒன்று தண்ணீரைத் தொட்டுத் தொட்டுப் போனது.

"அந்த நாலு மணி நேரமும் அவரு என்ன சொல்லிக்கிட்டு இருந்தாரு?" என்று செலஸ்டீனா கேட்டாள்.

ததேயு யோசித்தான். அண்ணன் பேசிக்கொண்டே வந்தான் என்றான். தம்பி பயப்படக்கூடாது என்று பேசியிருக்கவேண்டும். அடுக்களைச் சுவருக்கு என்ன நிறம் அடிப்பது என்று அவளும் தானும் போட்ட சண்டையை அண்ணன் ஆதியிலிருந்து சொன்னான். அவள் மஞ்சள் என்றதையும், புகைக்கு மஞ்சள் நிற்காது என்று தான் நீலம் அடித்ததையும், அவள் மூன்று நாள் பேசாமலிருந்ததையும் சொல்லி, மஞ்சளே அடித்திருக்கலாம்டா, அவள் சொன்னதுதான் சரி என்றான். அதன்பிறகு எஞ்சினைத் திட்டினான். அதன்பிறகு தண்ணீர் இறைக்கச் சொன்னான்.

செலஸ்டீனா முகத்தைத் திருப்பிக் கடலைப் பார்த்தாள். அவள் தன்னை ஏதாவது சொல்வாள் என்று ததேயு காத்திருந்தான், அவள் திட்டியிருந்தால் அவனுக்கு லேசாக இருந்திருக்கும். அவள் கேட்டது வேறு.

"நாலு மணி நேரத்துல எத்தனை மைல் வந்தீங்க?"

"பத்து மைல் வந்திருப்போம்."

அவள் தலையாட்டினாள். எழுந்துபோய் அவலைப் பிரித்து ஆறுபேருக்கும் பங்கிட்டாள், ததேயுவின் பங்கை அவன் கையிலேயே கொண்டுவந்து கொடுத்தாள்.

மறுநாள் மேற்கு வானம் கறுத்து நின்றதை அவர்கள் தூரத்திலிருந்து பார்த்தார்கள். அவர்கள் இருந்த இடத்தில் மப்பு மட்டும் இருந்தது, கேபின் சொன்னபடியே. வயர்லெஸ்ஸில் ஒவ்வொரு படகாகக் கரைசேர்ந்த செய்தி வந்தது. பெரிய எஞ்சின் உள்ளவை காற்று வருவதற்கு முன்பே துறைக்குள் போய்விட்டன. மரப்படகு உலர்ந்த திசைகளாகத் தேடித்தேடித் தெற்கே போய், சுற்றிக்கொண்டு, ஐந்தாம் நாள்தான் ஆரோக்கியத்துறைக்கு வந்தது. ஐஸ் அறையில் ஐஸ் மட்டும்தான் இருந்தது, மீன் இல்லை. தண்டுக்குப் பக்கத்துப் பலகை வழியே தண்ணீர் கசிந்து கடைசி ஒருநாள் முழுக்கப் பம்பு போட்டுக்கொண்டே வந்தார்கள். கரையில் ஊர் முழுவதும் நின்றது. பங்குத்தந்தை மணியடிக்கச் சொன்னார். கரைசேர்ந்த படகுகளின் தொழிலாளிகள் மரப்படகின் மூக்கைத் தொட்டு விரலை முத்தமிட்டுக்கொண்டார்கள், மொனிக்காள் அதற்கு ஒரு பூமாலை போட்டாள்.

அதன்பிறகு யாருக்கும் சந்தேகம் இல்லை, ததேயுவுக்கும் இல்லை. ஒரு வாரம் கழித்து அவனே அவளிடம் வந்து மரப்படகையே எடுப்போம் என்றான். பலகையை மாற்றிவிடலாம், மீன் குறைந்தால் குறையட்டும், எனக்கு இனி தெரியாமல் ஒரு கடலுக்கும் போக மனமில்லை என்றான். செலஸ்டீனா இரும்புப் படகுதான் என்றாள். அவன் புரியாமல் பார்த்தான். ஹில்லாரியும் மொனிக்காளும் அப்போது அங்கே இருந்தார்கள், மாலைபோட்ட படகை வேண்டாமென்கிறாளே என்று அவர்களுக்கும் மனம் வாடியது. அவள் குரலை உயர்த்தாமல், மீன் விலை சொல்வதுபோல் சொன்னாள்:

"ஒனக்க அண்ணன் தெரிஞ்சுதான் போனாரு. நீங்க எல்லாரும் தெரிஞ்சாலும் போவீங்க. வலை கிடக்கும், போவீங்க. போறவங்களுக்குத் திரும்பி ஓடிவர்ற படகு வேணும். பத்து மைல் வந்த நேரத்துல நாப்பது மைல் வரணும். எனக்கு அதுதான் வேணும்."

ததேயு தலைகுனிந்து நின்றான். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, இரும்புப் படகின் தண்டுக்கு எண்ணெய் மாற்றவேண்டும், மீன்பிடித் தடைக்காலத்துக்குள் அடிப்பாகத்துக்குப் பெயிண்ட் அடித்துவிடலாம் என்றான்.

மரப்படகை ஊரே சேர்ந்து வாங்குவது என்று கமிட்டி மூன்றுமுறை கூடியது. யார் பெயரில் பதிவது என்ற தகராறிலேயே மூன்றுமுறையும் கூட்டம் முடிந்துபோனது. அதற்குள் கிழக்கே உப்பளம் வைத்திருக்கும் ஒருவர் வறீதைத் தேடிப்போய்ப் பேசி முடித்துவிட்டார். உப்பு விளையும் நேரத்தில் ஒரு கோடைமழை வந்தால் ஒரு மாத வேலை கரைந்துபோகும், அவருக்கு அந்தக் கேபின் மட்டும் இருந்தால் போதும். ஆனால் கேபினைத் தனியாகப் பிரித்தால் வானம் கூடவே வருமா என்று வறீதுக்கே உறுதியில்லை. எனவே படகை முழுதாகவே கிரேனால் தூக்கி நீளமான லாரியில் வைத்துக் கொண்டுபோனார்கள். மின்கம்பிகளைக் கழியால் தூக்கிப்பிடித்தபடி ஊர்ப் பையன்மார் லாரிக்குப் பின்னால் சந்திப்புவரை நடந்தார்கள். அந்தப் பக்கம் பஸ்ஸில் போகிறவர்கள் பார்த்திருக்கிறார்கள்: வெள்ளை வெளேரென்ற பாத்திகளுக்கு நடுவில், ஒரு சாண் ஆழத் தண்ணீர்கூட இல்லாத இடத்தில், ஐம்பத்தெட்டு அடிப் படகு ஒன்று முட்டுக்கட்டைகள்மேல் நிற்கிறது, தலையில் துண்டு கட்டிய பெண்கள் காலையில் ஏணியேறிப் போய் உள்ளே கை நீட்டிவிட்டு இறங்குகிறார்கள். ஆரோக்கியத்துறையில் கருவாட்டுப் பெண்கள் பழையபடி வானத்தைப் பார்க்கத் தொடங்கினார்கள். சில நாள் தப்பியது, சில நாள் சரியாக இருந்தது. டீக்கடை பெஞ்சில் இரண்டு கிழவர்களும், மழை வரும்போலிருக்கிறதே என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டார்கள்.

தடைக்காலம் முடிந்து ஆவணியில் இரும்புப் படகு முதல் பயணம் புறப்பட்டது. பத்துபேர் போனார்கள். செலஸ்டீனா படித்துறையில் நின்று அது துறைமுகத்தின் வாயைத் தாண்டும்வரை பார்த்தாள், பிறகு வீட்டுக்குப் போய் அன்றைக்குச் சமைத்த சோற்றைத் தட்டில் போட்டுச் சாப்பிட்டாள். அவளுக்கு அது முழுதாக இறங்கியது.

பத்தாம் நாள் காலையில் மீனவர் சங்கத்து அலுவலகத்திலிருந்து ஆள் வந்து கூப்பிட்டார். ததேயு வயர்லெஸ்ஸில் வந்திருந்தான். சத்தம் இடையிடையே இரைந்து போனது. கூட்டம் கூட்டமாகச் சூரை போகிறது, இரண்டு நாளாகத் தூங்கவில்லை, எல்லாரும் சுகம் என்றான். அவள் கடைசியாக ஒன்றைக் கேட்டாள், பேசுகிற பட்டனை அமுக்கிக்கொண்டு, மெல்ல:

"அங்க வானம் எப்படி இருக்கு?"

கொஞ்சநேரம் இரைச்சல் மட்டும் வந்தது. அவன் கேபினைவிட்டு வெளியே வந்து, நிமிர்ந்து நாலு பக்கமும் பார்க்கிறான் என்று அவளுக்குத் தெரிந்தது.

"இப்ப நல்லா இருக்கு மயினி."

"சரி," என்றாள் செலஸ்டீனா. பட்டனை விட்டாள்.